தனித் தட்டு

பஸ்ஸு பூராக் காலியாக் கெடக்கு, இந்த ஆளு எதுக்கு நம்ம பக்கத்துல வந்து உக்கார்றான்னுதானே பாக்குறீங்க? பாருங்கண்ணே, தப்பில்ல. நானா இருந்தாலும் பாப்பேன். தனியா உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துரும். தூங்கிட்டா ஒட்டன்சத்திரத்தைக் கோட்டை விட்ருவேன்.

இல்லல்ல, அங்க இறங்கலை. பழனிக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். பழனியிலயும் எனக்கு ஒரு சோலியும் கிடையாது. சாமி கும்பிடப் போற மூஞ்சியாவா தெரியுது? இறங்கி ஒரு டீயைக் குடிச்சிட்டு, அடுத்த பஸ்ஸுல திண்டுக்கல்லுக்கே திரும்பிருவேன். எனக்கு லீவு நாளுன்னா இதுதான் வேலை.

சிரிக்காதீங்க. ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குள்ள வண்டி திரும்புற முக்குல ஒரு தையக்கடை இருக்கு. வாசல்லயே மிஷினைப் போட்டு ஒரு பொம்பளை உக்காந்து தைப்பா. தலை நிமிர மாட்டா. அவதான் என் பொண்டாட்டி, தவமணி. வண்டி திரும்புறப்ப ஒரு பார்வை பாத்துக்குவேன். அம்புட்டுத்தேன். அதுக்குத்தான் இந்த டிக்கெட்டு.

சண்டையான்னா சண்டையும் இல்லண்ணே. அதான் வயித்தெரிச்சல். நான் குடிக்க மாட்டேன், சீட்டாட மாட்டேன், அவ மேல ஒரு நாளு கை நீட்டினதில்ல. எங்களுக்குப் பிள்ளை இல்ல. அதைக்கூட ஒரு சொல்லு குத்திக் காட்டினதில்ல. அப்படிப்பட்டவனை, ஒரு காரணமும் இல்லாம, தை மாசம் துணிமணியை மஞ்சப்பையில திணிச்சுக்கிட்டு அவ தம்பி வீட்டுக்குப் போயிட்டா. இப்ப வைகாசி. நியாயமாண்ணே? அவ நல்லா இருக்கணும்னு நான் பட்ட பாடு எனக்கும் அந்த ஆண்டவனுக்கும்தான் தெரியும். நீங்க கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

நான் சமையல் மாஸ்டர். வெள்ளைச்சாமி மாஸ்டர்னா திண்டுக்கல்லுல நாலு மண்டபத்துலயாவது தெரியும். முகூர்த்த மாசத்துல என் உடம்புல எந்நேரமும் நெய் வாசம் அடிக்கும். உப்பை நாக்குல வச்சுப் பாத்ததே கிடையாது, கொதி வாசத்துலயே சொல்லிப்புடுவேன். எங்க செட்டுல ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பந்தி எந்திரிச்சப்புறம், மிச்ச சோத்தை ஒரே தாம்பாளத்துல கொட்டி, சாம்பாரு ரசம் பொரியல் எல்லாத்தையும் ஊத்திப் பிசைஞ்சு, மாஸ்டரு உருட்டிக் குடுப்பாரு. காய் நறுக்குற பொம்பளைங்கள்ல இருந்து பாத்திரம் கழுவுறவன் வரைக்கும் சுத்தி நின்னு கையேந்தி வாங்கித் திம்பாக. கல்யாண வீட்டுக்காரன் தின்ன விருந்தை விட அந்த உருண்டைக்கு ருசி சாஸ்தி. அது என் கையால. ஒண்ணு ரெண்டு வருசம் இல்லண்ணே, மீசை நரைக்கிற வரைக்கும்.

எங்க காண்ட்ராக்டரு ஜெகதீசன் நல்ல மனுசன். போன வருசத்துக்கு முந்தின வருசம் அவருக்கு ஒரு நூல் மில்லுல கேன்டீன் எடுக்கிற வாய்ப்பு வந்துச்சு. மில்லுக்காரன் சொல்லிட்டான், சமைக்கிற ஆளு அத்தனை பேரும் ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு வரணும்னு. எல்லாரும் முணுமுணுத்தாக. நான்தான் சத்தம் போட்டேன். "மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம், வாங்கடா"ன்னு முன்னாடி போய்க் கையை நீட்டினது நான். அதுவரைக்கும் என் உடம்புல இருந்து ஒருத்தன் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்ததில்ல. அதுல எனக்கு ஒரு பெருமை வேற. ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்காதவன்னு சொல்லிக்கிட்டுத் திரிவேன்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாப் போச்சு. எல்லாரையும் போகச் சொல்லிட்டு என்னை மட்டும் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாக. அங்க ஒரு சின்ன ரூம்ல ரெஜினான்னு ஒரு நர்ஸம்மா. எனக்குப் பொண்ணு இருந்திருந்தா அந்த வயசு இருக்கும். "ஐயா, பயப்படாதீங்க"ன்னுதான் ஆரம்பிச்சுச்சு. பயப்படாதன்னு ஒருத்தர் சொன்னப்புறம் பயப்படாம என்ன செய்யுறது?

"உங்க ரத்தத்துல பி வகை மஞ்சக்காமாலைக் கிருமி இருக்கு. ஹெபடைட்டிஸ் பி-ம்பாங்க. அது பாட்டுக்கு ஈரல்ல குடியிருக்கும், வெளியில ஒண்ணும் தெரியாது. இப்போதைக்கு உங்க ஈரல் நல்லா இருக்கு, மாத்திரைகூட வேண்டியதில்ல. ஆனா ஆறு மாசத்துக்கு ஒருக்க வந்து ரத்தம் குடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும். விட்டுட்டா ஒரு நாள் திடுதிப்புன்னு ஈரலைக் கெடுத்துரும்"னு சொல்லுச்சு.

"எனக்கு எப்படித் தாயி வரும்? நான் சுத்தமான ஆளாச்சே"ன்னேன்.

"இது சுத்தத்துல வர்றதில்லய்யா. ரத்தத்துல வரும். புருஷன் பொண்டாட்டி சேர்றதுல வரும். நிறையப் பேருக்குப் பொறக்குறப்பவே அம்மாகிட்ட இருந்து வந்திருக்கும்"னுச்சு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "எங்க ஆத்தாளைப் பத்திப் பேசாத!"ன்னு கத்திட்டேன். அது செத்துச் சாமியாப் போன மனுஷி. அந்தப் பொண்ணு சிரிக்கவும் இல்ல, மொறைக்கவும் இல்ல. தண்ணி பாட்டிலை நகர்த்தி வச்சுச்சு. அப்புறம் கேட்டுச்சு பாருங்க அடுத்த கேள்வி. "கல்யாணத்துக்கு முன்னாடியோ பின்னாடியோ வேற யாரோடயாச்சும் பழக்கம் உண்டாங்கய்யா?"

என்னைப் பெத்தவுக கேக்கல, கட்டினவ கேக்கல, நேத்துப் பொறந்த பிள்ளை கேக்குது. "தாலி கட்டினவளைத் தவிர ஒரு பொம்பளை விரல் என் மேல பட்டதில்ல"ன்னேன். "சரிங்கய்யா, வர்ற எல்லாருகிட்டயும் கேக்குறதுதான், தப்பா நினைக்காதீங்க"ன்னு சொல்லிட்டு, எச்ஐவி, பால்வினை நோய் எல்லாத்துக்கும் சேர்த்து இன்னொரு தடவை ரத்தம் எடுத்துச்சு. அதெல்லாம் இல்லண்ணே. அதெல்லாம் இல்லைன்னு வந்துருச்சு. நீங்க நகர்ந்து உக்கார வேணாம்.

கடைசியா ஒண்ணு சொல்லுச்சு. "உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் பாக்கணும். கிருமி இல்லைன்னா தடுப்பூசி போட்ருவோம், அப்புறம் கவலையே இல்ல. இருந்தா உங்களை மாதிரியே பாத்துக்கிட்டா போதும். கண்டிப்பாக் கூட்டிட்டு வாங்கய்யா." வாசல் வரைக்கும் வந்து அதையே திருப்பிச் சொல்லுச்சு.

கூட்டிட்டுப் போனேனான்னு கேக்குறீங்களா? இருங்க, வர்றேன்.

அந்தப் பொண்ணு இன்னும் என்னென்னமோ சொல்லுச்சு, பாதிதான் காதுல ஏறுச்சு. சோத்துல பரவாது, தண்ணியில பரவாது, தட்டு டம்ளரு ஒண்ணும் செய்யாது, நீங்க தாராளமாச் சமைக்கலாம்னுச்சு. டாக்டரும் அதையேதான் சொன்னாரு. அவுகளுக்கு என்னண்ணே, அவுகளா பந்திக்குப் பரிமாறுறாக? எச்சில்ல ஒட்டாத சீக்கு உலகத்துல உண்டா? என் மனசு கேக்கல. மறுநாளே ஜெகதீசன்கிட்டப் போய், "இடுப்புல பிடிப்பு, இனிமே அடுப்படியில நிக்க முடியாது"ன்னு சொல்லிட்டேன். அவரு எம்புட்டோ கெஞ்சினாரு. நான் அசையல. கையேந்தி நிக்கிற அத்தனை பேருக்கும் தெரிஞ்சே என் கையால உருட்டிக் குடுப்பேனா? நான் அப்படிப்பட்டவன் இல்ல.

இப்ப பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டூவீலர் ஸ்டாண்டுல டோக்கன் குடுக்குறேன். வர்றான், வண்டியை நிறுத்துறான், டோக்கன் வாங்குறான், போறான். ஒருத்தன் மூஞ்சி ஏறிட்டுப் பாக்குறதில்ல. மாஸ்டர்னு கூப்பிட ஆளில்ல. "யோவ் டோக்கன்"தான்.

சரி, வீட்டுக் கதைக்கு வர்றேன். தவமணிகிட்ட நான் மூச்சு விடல. ஆனா அவளைக் காப்பாத்தணும்ல? அன்னைக்கே எனக்குன்னு தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வச்சுட்டேன். டம்ளர் அடியில ஆணியால ஒரு கோடு இழுத்து அடையாளம். நானே கழுவிக்குவேன், நானே கவுத்து வைப்பேன். தனிச் சோப்பு, தனித் துண்டு. பாயைத் தூக்கிட்டு வந்து முன் ரூம்ல படுத்துக்கிட்டேன். "ஏங்க, என்னாச்சு?"ன்னா. "உடம்பு சூடு"ன்னேன். "வேலையை ஏன் விட்டீங்க?"ன்னா. "இடுப்பு"ன்னேன். எத்தனை நாளைக்குத்தான் சூடும் இடுப்பும் சொல்றது? கொஞ்ச நாளுல அவ கேக்குறதை நிப்பாட்டிட்டா. நான் நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன்.

என்னால மத்தவனுக்கும் ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு இருந்தேண்ணே. சவரக்கடைக்குப் போறதையே விட்டுட்டேன்னா பாத்துக்கங்க. பிளேடு விசயத்துல சாக்கிரதையா இருக்கணும்னு ரெஜினாம்மா சொல்லியிருந்துச்சு. அந்தச் சவரக்காரன் நமக்குப் போட்ட பிளேடை அடுத்தவனுக்குப் போட்டுட்டா? அந்தப் பாவம் நமக்கு எதுக்குன்னு, வீட்டுலயே கண்ணாடியை மாட்டிச் சொந்தமாச் சவரம் பண்ண ஆரம்பிச்சேன். வாரத்துக்கு ரெண்டு பிளேடு. அதையும் வீணாக்குறதில்ல. தவமணி வீட்டுல ரவிக்கை தைப்பா, தையல் பிரிக்கிறதுக்குப் பழைய பிளேடைத்தான் பாதியா ஒடிச்சு வச்சுக்குவா. முன்னெல்லாம் அதுக்கும் கடையில வாங்குவா. நான் சவரம் பண்ணி முடிச்சுக் கழுவி அவ ஊசி டப்பாவுல போட்ருவேன். பேச்சு வார்த்தை இல்லாத வீட்டுல அது ஒண்ணாவது போக்குவரத்தா இருக்கட்டுமேன்னு. விரலைக் கிழிச்சுக்கிட்டே கெடப்பா அவ, கண்ணு மங்கலு. வாயில வச்சுச் சப்பிட்டுத் திரும்பத் தைப்பா.

ரெட்டியார்சத்திரம் வந்துருச்சு பாருங்க. ஏறுறவுக ஏறட்டும். சன்னல் பக்கம் வேணும்னா நீங்க அப்படியே இருங்கண்ணே, எனக்கு ஒட்டன்சத்திரத்துல மட்டும் கொஞ்சம் எட்டிப் பாத்தாப் போதும்.

ஆறு மாசத்துக்கு ஒருக்க வரச் சொன்னாகள்ல? போனேண்ணே, போகாம இல்ல. வரிசையில நிக்கிறேன், முன்னாடி எங்க தெருப் பால்காரரு. "என்ன மாஸ்டர் இந்தப் பக்கம்?"ங்கிறாரு. "பல்லு வலி, வரிசை மாறி வந்துட்டேன்"னு சொல்லிட்டு, நேரா பல் டாக்டர் வரிசையில போய் நின்னுட்டேன். அந்தாளு அங்கேயே நின்னு பாக்குறாரு, நகரவும் முடியல. என் முறை வந்துருச்சு. உள்ள போயும் பல்லு வலின்னேன். இந்தா பாருங்க, இந்த ஓட்டை. லேசா ஆடிக்கிட்டிருந்த பல்லு, பிடுங்கி விட்டாக. வீங்கின கன்னத்தோட வீட்டுக்கு வந்தேன். அதோட அந்தப் பக்கமே போகல. அவரு எதுக்கு அந்த வரிசையில நின்னாருன்னா? அது எனக்கு எப்படித் தெரியும்? நான் யோசிக்கவே இல்லையேண்ணே.

உடம்புலயும் ஒண்ணும் தெரியலையே. பசிக்குது, தூங்குறேன். ஒண்ணும் செய்யாத சீக்கை எதுக்குப் போய்க் குத்திக் குத்திப் பாக்குறது?

அப்புறம் பொங்கல் வந்துச்சு. இதைத்தான் சொல்லணும்னு இருந்தேன்.

எங்க வீட்டுல நல்ல நாளுன்னா நான் சாப்பிட்டு எந்திரிச்ச இலையில அவ உக்காருவா. கல்யாணமான மறுநாள்ல இருந்து அப்படித்தான். நான் வேணாம்னுகூடச் சொல்லியிருக்கேன். "ஊருக்கெல்லாம் இலை போடுற ஆளு, உங்க இலை எனக்குத்தான்"னு சொல்லிச் சிரிப்பா. நான் வேணும்னே அப்பளத்துல பாதி, வடையில பாதி மிச்சம் வைப்பேன். அன்னைக்கும் இலை போட்டா. தட்டு வேணாங்க, பொங்கல் அன்னைக்காவது இலையில சாப்பிடுங்கன்னா. சரின்னு உக்காந்தேன். சக்கரைப் பொங்கல், பருப்பு, அவரைக்காய்ப் பொரியல். நல்லாத்தான் வச்சிருந்தா. சாப்பிட்டு முடிச்சேன். அவ கையில கரண்டியோட, சேலையைச் சொருகிக்கிட்டு, நான் எந்திரிக்கிறதுக்காக நிக்கிறா. என் எச்சில் இலையாச்சே! படக்குன்னு இலையை மடக்கினேன். மடக்கி நானே தூக்கிக்கிட்டுப் போய் வாசல்ல நின்ன மாட்டுக்குப் போட்டுட்டேன்.

திரும்பி வந்தா, நின்ன இடத்துலயே நிக்கிறா. கரண்டியில இருந்து பருப்பு சொட்டுது. அழுகக்கூட இல்ல. அன்னைக்குப் பூரா அவ சாப்பிடல. மறுநாள் மாட்டுப் பொங்கல், பஸ் ஏறிப் போயிட்டா.

மச்சினன் பால்ச்சாமி ஒருக்க வந்து நின்னான். "அத்தான், வேற எங்கயும் தொடுப்பு இருக்கா? அக்காவுக்குப் பிள்ளை இல்லைன்னு மாத்து ஏற்பாடு எதுவும் பண்றீங்களா? நேரா சொல்லிருங்க"ங்கிறான். என் கண்ணுல ரத்தம் வந்துருச்சு. அவளுக்காக அடுப்படியை விட்டேன், படுக்கையை விட்டேன், என்னைப் பாத்துத் தொடுப்பு! "போடா வெளிய"ன்னுட்டேன். வேற என்ன சொல்ல?

சொல்லியிருக்கலாம்தான். நீங்க கேக்குறது புரியுது. இம்புட்டு நேரம் முன்னப்பின்ன தெரியாத உங்ககிட்டச் சொல்றவன் அவகிட்டச் சொல்றதுக்கு என்னன்னு கேக்குறீங்க. உங்ககிட்டச் சொல்லலாம்ணே. நீங்க பழனியில இறங்கிப் போயிருவீங்க.

அவகிட்டச் சொன்னா என்னாகும்? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். ரத்தம் எடுப்பாக. இல்லைன்னு வந்துச்சுன்னு வைங்க, "அப்ப உங்களுக்கு மட்டும் எங்க இருந்து வந்துச்சு?"ன்னு அவ என்னை ஒரு பார்வை பாப்பா. நான் சத்தியம் பண்ணினாலும் நம்புவாளா? இருக்குன்னு வந்துச்சுன்னு வைங்க. அப்ப? அப்ப யாருகிட்ட இருந்து யாருக்கு? நான் எங்கயும் போகல. அப்படின்னா... இல்லண்ணே, அவ அப்படிப்பட்டவ இல்ல, எனக்குத் தெரியும். நான் மாசக்கணக்குல கல்யாணத்துக்குக் கல்யாணம் வெளியூர்ல கெடந்திருக்கேன், அவ தனியாத்தான் இருந்தா, ஆனா அவ அப்படி இல்ல. தெரியும். தெரிஞ்சாலும் ராத்திரி படுத்தா மனசு கண்ட பக்கம் போகுது. அதைப் பாக்காமலே இருந்துட்டா நல்லதுன்னு விட்டுட்டேன். பாத்தாத்தானே தெரியும். தெரிஞ்சாத்தானே வினை.

தனியா இருக்கிறது லேசு இல்லண்ணே. ஐநூறு பேருக்குச் சாம்பாருன்னா அரை நொடியில அளவு சொல்வேன். ஒரு ஆளுக்கு எம்புட்டு உப்புன்னு எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல. ஒரு கை அள்ளினா சாஸ்தி, ஒரு சிட்டிகை போட்டா சப்புன்னு இருக்கு. தினம் கெட்டுப்போன சோத்தைத்தான் திங்கிறேன். தின்னுட்டு அந்தத் தட்டைக் கழுவித் தனியாக் கவுத்து வைக்கிறேன். பழக்கம். வீட்டுல வேற யாரும் இல்லைங்கிறது கவுத்து வச்சப்புறம்தான் ஞாபகம் வரும்.

போன வாரம் வண்டி அந்த முக்குல திரும்புறப்ப எட்டிப் பாத்தேன். மிஷின் இருந்துச்சு. அவ இல்ல.

டீ குடிக்கப் போயிருப்பான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். திரும்பி வர்றப்பவும் பாத்தேன், மிஷினுக்கு மேல துணி போட்டு மூடியிருக்கு. நேத்து எங்க ஸ்டாண்டுக்கு ஒட்டன்சத்திரத்து ஆளு ஒருத்தன், தக்காளி வியாபாரி, வண்டி விட வந்தான். பால்ச்சாமி தெருக்காரன். அவன் சொல்றான், "உங்க வீட்டம்மாவுக்கு மஞ்சக்காமாலையாம்ல? கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்கு. கீழாநெல்லி அரைச்சு மோருல குடிக்குதாம், வாயில சோறு வைக்க முடியலையாம்."

அதான் இந்தத் தூக்குவாளி. பாசிப்பருப்புக் கஞ்சி. எண்ணெய் இல்ல, காரம் இல்ல, நோயாளிக்குன்னு பதமா வச்சிருக்கேன். காலையில எந்திரிச்சு வச்சேன். இன்னைக்குத்தான் உப்பு சரியா விழுந்துச்சு. வச்சு முடிச்சு மூடி போட்டப்புறம்தான் உறைக்குது, என் கை பட்டதை அவளுக்கு எப்படிக் குடுக்குறதுன்னு. குடுக்கவும் முடியல, கொட்டவும் மனசில்ல. மடியில வச்சுக்கிட்டு வர்றேன். பழனி போய் நானே குடிச்சிருவேன்.

கஞ்சி ஒண்ணும் செய்யாதா? நீங்களும் அந்த ரெஜினாம்மா மாதிரியே பேசுறீங்க.

என்னண்ணே? எது? என்ன சொன்னேன் நான், எதைத் திரும்பச் சொல்லணும்?

பிளேடா?

ஆமா, சொன்னேன். நான் சவரம் பண்ணின பிளேடு. கழுவித்தான் போடுவேன். ஆமா, அதுலதான் தையல் பிரிப்பா. ஆமா, விரலைக் கிழிச்சுக்குவா, சொன்னேனே...

கொஞ்சம் இருங்க.

இருங்கண்ணே. ரெஜினாம்மா அன்னைக்கு, பிளேடுன்னு சொல்லுச்சு. சொல்லுச்சு. "உங்க பிளேடை யாருக்கும் குடுக்காதீங்க, வீட்டுல யாரும் தொட வேணாம்"னு. நான் சவரக்கடையைத்தான் நினைச்சேன். ஊரான் மூஞ்சியை நினைச்சேன். இவ விரலை நினைக்கலையே. தட்டைப் பிரிச்சேன், டம்ளரைப் பிரிச்சேன், பொங்கலும் அதுவுமா இலையைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டேன்... பிளேடை மட்டும் நானே கொண்டுபோய் டப்பாவுல போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். ஐயோ. அண்ணே, அந்த டப்பாவைத் தூக்கிட்டுத்தான் அவ போனா. இன்னும் அதுலதான் பிரிச்சுக்கிட்டிருப்பா.

மூலச்சத்திரம் தாண்டிருச்சா? போன் இருக்கு, என்கிட்ட இருக்கு. அவ நம்பரு எனக்கு மனப்பாடம். அண்ணே, ஒரு உதவி செய்யுங்க. நான் போட்டுத் தர்றேன், நீங்க பேசுங்க. ஆஸ்பத்திரியில இருந்து பேசுறோம்னு சொல்லுங்க. உங்க குரலு படிச்ச குரலா இருக்கு. ரத்தம் பாக்கணும்மா, கீழாநெல்லியை மட்டும் நம்பி இருக்காதம்மான்னு நீங்க சொன்னா கேட்டுக்குவா. என் பேரு வேணாம். நான் சொன்னா வச்சிருவா.

ஏன் கையை எடுத்துக்கிறீங்க? சரி. சரி, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு.

இந்த வாளியைக் கொஞ்சம் பிடிங்க. நானே போடுறேன்.

மணி போகுது.

தவமணி? நாந்தேன். நாந்தேன், வைக்காத. வைக்காத தாயி, ஒரு நிமிசம்... உன் ஊசி டப்பாவுல இருக்கிற பிளேடை எல்லாம் தூக்கிப் போடு. முதல்ல அதைச் செய். ஏன்னா... எனக்கு ஒரு சீக்கு இருக்கு. ஹெபடைட்டிஸ் பி-ம்பாங்க. ரத்தத்துல. மில்லுக்குப் பாக்குறப்பவே சொன்னாக. ஆமா, அப்ப இருந்தே. அதுக்குத்தான் எல்லாம். தட்டு, பாயி, எல்லாம் அதுக்குத்தான். உன்னையும் அப்பவே கூட்டிட்டு வரச் சொன்னாக, நான்தான் கூட்டிட்டுப் போகல. இல்ல, வேற யாரும் இல்ல, உன் மேல ஆணை, அப்படி எதுவும் கிடையாது. எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது தவமணி. உனக்கும் அந்த மஞ்சள் என் பிளேடுல இருந்துதான் வந்திருக்கும். நீ நாளைக்கே போய் ரத்தம் குடுத்துப் பாரு, நாளைக்கே...

ம்.

ம். எப்ப?

தனியாவா போன? ஏன் தாயி என்கிட்டச் சொல்லல?

சரி. சரி, வர்றேன். வர்றேன்னு சொல்றேன்ல. அழுகாத. இந்தா இப்ப வந்துருவேன், பஸ்ஸுலதான் இருக்கேன். பக்கத்துலதான்.

வச்சுட்டா.

அண்ணே, அவ ஏற்கெனவே போயிட்டாளாம். கீழாநெல்லி எல்லாம் பால்ச்சாமி வீட்டுல சந்தேகம் வராம இருக்கக் குடிக்கிறதாம். கண்ணு மஞ்சளானதுமே ஒருத்தருக்கும் தெரியாம கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் குடுத்திருக்கா. இதே சீக்குதான்னு சொல்லிட்டாங்களாம். புதுசா ஒட்டினதுன்னா தானா இறங்கவும் வழி இருக்காம், ஆனா விடாம வந்து பாத்துக்கிட்டே இருக்கணுமாம். ரெண்டு தடவை போய்ட்டு வந்துட்டா. நாளைக்கு மறுபடி வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காகளாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ அண்ணே அவ, வழி கேட்டுக் கேட்டுத் தனியாப் போயிருக்கா.

அவளையும் கேட்டாங்களாம், புருஷனைக் கூட்டிட்டு வாங்கன்னு. மூணு வாரமா போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாளாம். போட்டுச் சொல்லத் தைரியம் வரலையாம். ஏன் தாயி சொல்லலன்னு கேட்டேன். "சொன்னா நீங்க என்னைச் சந்தேகப்படுவீங்கன்னு பயந்துக்கிட்டு இருந்தேங்க"ங்கிறா.

ஹோல்டான்! கண்டக்டர், ஒட்டன்சத்திரம் இறங்கணும். டிக்கெட் பழனிக்குத்தான், இருக்கட்டும், இங்கதான் இறங்கணும். அந்த வாளியை எடுங்கண்ணே, அதை வச்சுட்டுப் போயிறப்போறேன்.

என்ன வார்த்தை சொல்லிட்டா பாருங்க. இத்தனை வருசம் கூடக் குடும்பம் நடத்தினவ. என்னைப் போய்... நான் அவளைச் சந்தேகப்படுவேனாண்ணே? இம்புட்டு நேரம் என்கூட உக்காந்து வந்தீங்களே, எல்லாத்தையும் கேட்டீங்களே, நீங்க சொல்லுங்க. நான் அப்படி நினைக்கிற ஆளா?